குற்றாலம் வேறு, பழைய குற்றாலம் வேறு: உங்கள் லிங்க் எங்கே போகிறது?

சாரல் ஆரம்பித்துவிட்டால் போதும், சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “அருவியில் குளிக்க விடுறாங்களா?” பதிலைத் தேடுவது செல்போனில். கிடைப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘குற்றாலத்தில் குளிக்கத் தடை. மேலும் விவரங்களுக்கு இங்கே கிளிக் செய்யவும்.’ கிளிக் செய்தால், எந்த அருவி, எந்தத் தேதி என்றே புரியாத ஒரு பக்கம் திறக்கும்.

செய்தியில் தவறு இல்லை. தவறு லிங்க்கில். வெப் பக்கத்தில் லிங்க் சேர்ப்பது இன்று சில நொடி வேலை. அதனாலேயே அது யோசிக்காமல் செய்யும் வேலையாகவும் ஆகிவிட்டது.

விஷுவல் எடிட்டர் என்ன செய்கிறது?

ஒரு காலத்தில் லிங்க் கொடுக்க ஹெச்டிஎம்எல் கோடு எழுத வேண்டும். விஷுவல் எடிட்டரில் அந்தத் தொல்லை இல்லை. வாசகர் பார்க்கப்போகும் பக்கம் கிட்டத்தட்ட அப்படியே எழுதுபவருக்கும் தெரியும். சொல்லை செலக்ட் செய்து, சங்கிலிப் படம் போட்ட பட்டனை அழுத்தி, முகவரியை ஒட்ட வேண்டும். கம்ப்யூட்டர் என்றால் கன்ட்ரோலும் கே-யும். அவ்வளவுதான்.

இது புதிய யோசனை அல்ல. 1990-ல் டிம் பெர்னர்ஸ் லீ எழுதிய உலகின் முதல் வெப் பிரவுசரே ஓர் எடிட்டராகவும் இருந்தது. 1993-ல் வந்து வெப்பைப் பிரபலமாக்கிய மொசைக், பக்கங்களைப் பார்ப்பதற்கான கருவியாகவே பரவியது. எழுதும் வசதி மக்கள் கைக்குத் திரும்பி வர நாளானது. விக்கிப்பீடியாவில் விஷுவல் எடிட்டர் பரவலாக வந்தது 2013-ல். வேர்ட்பிரஸ் முதல், தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் வெப்சைட் கருவி வரை, இன்று எல்லாவற்றிலும் இதே வசதி உண்டு. குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துபவர்கூட ஒரு மதியத்தில் சொந்தமாகப் பக்கம் போட்டுவிடலாம்.

ஆனால் எந்த எடிட்டரும் இரண்டு விஷயங்களை நமக்காக முடிவு செய்வதில்லை. லிங்க் எந்தச் சொல்லின் மேல்? அது போய்ச் சேரும் இடம் எது?

‘இங்கே’ என்பதில் என்ன தப்பு?

பார்வையற்றவர்கள் ஸ்கிரீன் ரீடர் மூலம் வெப் பக்கத்தைக் கேட்கிறார்கள். பக்கத்தில் உள்ள லிங்க்குகளை மட்டும் பட்டியலாகக் கேட்கும் வசதி அதில் உண்டு. நாம் எழுதிய பக்கம் அவர்கள் காதில் எப்படி விழும்? “இங்கே, இங்கே, இங்கே.” லிங்க் எதற்கானது என்பது அந்தச் சொல்லிலிருந்தோ, அதைச் சேர்ந்த வாக்கியத்திலிருந்தோ புரிய வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி எனும் சர்வதேச வழிகாட்டுதலின் 2.4.4 விதி. அடிப்படை நிலையிலேயே உள்ள விதி இது. ‘ஐந்தருவி: குளிக்க அனுமதி நிலவரம்’ என்ற சொற்களின் மேலேயே லிங்க் கொடுத்தால், செல்போனில் வேகமாக ஸ்க்ரோல் செய்பவருக்கும் அது உதவும்.

திறக்கிற லிங்க் எல்லாம் சரியான லிங்க்கா?

குற்றாலம் என்பது ஒரே அருவி அல்ல. பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று பல. ஒன்றில் தடையும் இன்னொன்றில் அனுமதியும் இருக்கும் நாட்கள் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயது சிறுவன் உயிரிழந்தான். அந்தச் செய்தியில் ‘பழைய குற்றாலம்’ என்ற சொல்லுக்குப் பேரருவியின் பக்கத்தை லிங்க்காகக் கொடுத்தால், வெளியூர்க்காரருக்கு ஆபத்து எங்கே என்பதே மாறிப்போகும்.

தென்காசி என்ற பெயரும் அப்படித்தான். அது ஊர், வட்டம், மாவட்டம், சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி. எடிட்டரில் பெயரை டைப் செய்ததும் வரும் பட்டியலில் முதலில் இருப்பதைத் தட்டிவிட்டுப் போவது சுலபம். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் எழுதப்பட்ட பக்கங்களில் செங்கோட்டையும் கடையநல்லூரும் சங்கரன்கோவிலும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கும். திருத்தாத பக்கங்களில் அந்த லிங்க்குகள் இப்போதும் ஒழுங்காகத் திறக்கும். பிரச்சினையே அதுதான். உடைந்த லிங்க், தான் உடைந்திருப்பதைக் காட்டிவிடும். தவறான லிங்க் காட்டாது.

விஷுவல் எடிட்டரின் வசதியிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. போன வருடச் செய்தியை காப்பி செய்து, தேதியையும் அருவியின் பெயரையும் மாற்றுகிறோம். திரையில் எல்லாம் புதிதாகத் தெரியும். ஆனால் சொல்லை மாற்றினால் அதன் அடியில் உள்ள முகவரி மாறாது. அது பழைய பக்கத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

தமிழுக்கு மட்டும் என்ன சிக்கல்?

ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து கூடினாலும் மூலச்சொல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தமிழில் குற்றாலம் என்பது குற்றாலத்தில், குற்றாலத்துக்கு என்று உருமாறும். ‘குற்றாலத்தில்’ என்பதை செலக்ட் செய்து லிங்க் பட்டனை அழுத்தினால், விக்கிப்பீடியா எடிட்டர் அதே வடிவத்தில் பக்கம் தேடும். தேடல் பெட்டியில் ‘குற்றாலம்’ என்று திருத்தித் தேர்வு செய்ய வேண்டும். வாக்கியத்தில் தெரியும் சொல் மாறாது.

முகவரியையே அப்படியே ஒட்டுவதும் தமிழுக்கு ஒத்துவராது. ‘குற்றாலம்’ என்ற ஒரு சொல் முகவரிக்குள் போய் காப்பி ஆகும்போது, சதவீதக் குறிகளும் எண்களுமாக 81 எழுத்துகளாக நீளலாம். வாட்ஸ்அப்பில் அதைப் பார்ப்பவர் ஏதோ மோசடி லிங்க் என்றுதான் நினைப்பார். முகவரியைப் புரியும் சொல்லுக்குள் வைக்கும் வசதி, ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் அதிகம் தேவை.

யார் என்ன செய்யலாம்?

லிங்க்குகளுக்கு ஆயுளும் குறைவு. 2013-ல் இருந்த வெப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் சொன்னது. முக்கியமான பக்கம் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு பிரதி சேமித்துவைப்பது நல்லது.

செய்தித் தளங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. வாசகர் வெளியே போய்விடக் கூடாது என்று, அரசு அறிவிப்புக்குக் கொடுக்க வேண்டிய லிங்க்கைத் தங்கள் பழைய செய்திக்கே கொடுப்பது பல தளங்களில் வழக்கம். பக்கப் பார்வை கூடலாம். ஆனால் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறவருக்கு வேண்டியது இன்றைய நிலவரம்.

சுற்றுலாப் பக்கங்களை நடத்துகிறவர்கள், அரசானாலும் தனியாரானாலும், ஒவ்வொரு அருவிக்கும் ஒரு தனிப் பக்கமும் மாறாத முகவரியும் கொடுத்து, மேலே தேதியும் நேரமும் போட்டால் பாதிக் குழப்பம் தீரும். லிங்க் கொடுப்பவர்கள் பப்ளிஷ் பட்டனை அழுத்தும் முன் தங்கள் செல்போனில் ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம். வாசகர்களும், தட்டுவதற்கு முன் லிங்க்கை அழுத்திப் பிடித்தால் போதும், அது போகும் முகவரி பெரும்பாலான போன்களில் தெரிந்துவிடும். சீசன் நேரத்தில் அந்தச் சில நொடிகளை மிச்சம் பிடிக்க வேண்டாம்.