வெட்டிநிரத்தல்

மொழிபெயர்ப்பாளனுக்குச் சில சொற்கள் ஜென்ம விரோதிகள். அகராதியில் அகப்படும், தமிழில் அடங்காது. திருவனந்தபுரத்தில் எனக்கு அப்படி வாய்த்த சொல் 'வெட்டிநிரத்தல்'. வெட்டி வரிசையாகச் சாய்ப்பது என்று பொருள் எழுதிவிடலாம். மேடு பள்ளத்தை நிரவுகிறோமே, அந்த 'நிரவுதல்' இதற்குப் பக்கத்து வீடு. ஆனால் மலையாளி இந்தச் சொல்லை உச்சரிக்கும்போது அதில் ஒரு கட்சியின் முப்பது வருட வாரிசுச் சண்டையே ஒலிக்கிறது.

சொல் பிறந்தது வயலில். நெல் வயல்களை மூடித் தோட்டமாக்குவதை எதிர்த்து 1997-ல் விவசாயத் தொழிலாளர்கள் ஆலப்புழைப் பக்கம் இறங்கி, வயலில் நட்டிருந்த பயிர்களை வெட்டிச் சாய்த்தார்கள். பின்னால் நின்றவர் வி.எஸ். அச்சுதானந்தன். பத்திரிகைகள் அவரை வில்லனாகச் சித்தரித்தன. அடுத்த வருடமே சொல் வயலிலிருந்து மாநாட்டுப் பந்தலுக்குக் குடியேறியது. 1998 ஜனவரியில் பாலக்காட்டில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சி மாநில மாநாட்டில், சி.ஐ.டி.யு. கோஷ்டி என்று அழைக்கப்பட்ட எம்.எம். லாரன்ஸ் முதலானவர்கள் மாநிலக் குழுத் தேர்தலில் தோற்கடிக்கப்பட்டார்கள். வெட்டியவர் அதே வி.எஸ். என்றது ஊர். கூட நின்றவர்கள் பினராயி விஜயன் தலைமையிலான கண்ணூர்க்காரர்கள்.

இந்தக் கதையை இ.எம்.எஸ்ஸிலிருந்து தொடங்குவதே முறை. 1957-ல் வாக்குப்பெட்டி வழியாகக் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கொண்டுவந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர். அந்த நாற்காலிக்கு அடுத்து யார்? 1987-ல் கௌரியம்மாதான் முதல்வர் என்று தெருவெல்லாம் கோஷம். வென்றபின் நாற்காலி ஈ.கே. நாயனாருக்குப் போனது. 1994-ல் கௌரியம்மா கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். 1991-ல் கோழிக்கோடு மாநாட்டில் மாநிலச் செயலாளர் பதவிக்கு நாயனாரிடம் வி.எஸ். தோற்றார். 1996-ல் அணி ஜெயித்தது, முதல்வராக வேண்டிய வி.எஸ். மட்டும் மாராரிக்குளத்தில் 1,965 வாக்குகளில் தோற்றார். சொந்தக் கட்சிக்காரர்களே காலை வாரினார்கள் என்று கட்சி நடவடிக்கையும் எடுத்தது. அடுத்து நின்றவர் ஏ.கே.ஜி.யின் மனைவி சுசீலா கோபாலன். மாநிலக் குழு வாக்கெடுப்பில் அவரையும் மயிரிழையில் முந்தி மீண்டும் நாயனார் வந்தார்.

அண்ணா மறைந்தபோதும் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் நாம் பார்த்த காட்சிகளோடு இதை ஒப்பிடுங்கள். அங்கே எல்லாம் பகிரங்கம். இங்கே எல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால். தீர்மானம், திருத்தம், பட்டியல், வாக்கு. கத்தி தெரியாது, வெட்டு மட்டும் தெரியும்.

பாலக்காட்டு மாநாடு நடந்தபோது இ.எம்.எஸ். உயிரோடு இருந்தார். பெரியவர் இருக்கிறார் என்பதற்காக யாரும் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. இரண்டே மாதத்தில், மார்ச் 19-ல், அவர் திருவனந்தபுரத்தில் காலமானார். செப்டம்பரில் மாநிலச் செயலாளர் சடையன் கோவிந்தன் காலமானார். மின்துறை அமைச்சராக இருந்த பினராயி விஜயன் செயலாளரானார். வி.எஸ்ஸின் ஆசியோடு வந்தவர் என்றுதான் அன்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஏழே வருடம். 2005-ல் மலப்புரம் மாநாட்டில் அதிகாரபூர்வப் பட்டியலை எதிர்த்து வி.எஸ். தரப்பில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். பன்னிரண்டு பேரும் தோற்றார்கள். வெட்டக் கற்றுக்கொடுத்தவரின் தலைக்கு மேலேயே அரிவாள் வந்தது. பாலக்காட்டில் எண்ணிக்கையே நியாயம் என்று நிறுவியவருக்கு, மலப்புரத்தில் எண்ணிக்கை குறைந்தபோது சொல்ல வார்த்தை இல்லை. வி.எஸ். மீது எனக்குப் பிரியம் உண்டு. ஆனாலும் இந்தக் கணக்கை மறைத்து அவரைத் தியாகியாக்குவது சரியல்ல.

குழுவில் தோற்றவர் தெருவில் ஜெயித்தார் என்பதுதான் கதையின் திருப்பம். காடு, நிலம், தண்ணீர் என்று ஒவ்வொரு பிரச்னையாகத் தூக்கிக்கொண்டு எண்பது வயதில் மலையேறினார். (முல்லைப் பெரியாறு விஷயத்தில் நமக்கு அவர் எரிச்சல்தான் தந்தார், அது வேறு கதை.) 2006-ல் அவருக்குச் சீட்டு இல்லை என்று கட்சி முடிவெடுத்தபோது கேரளம் முழுக்க ஊர்வலங்கள் கிளம்பின. கட்சி பணிந்தது. 82 வயதில் முதல்வரானார். செயலாளரும் முதல்வரும் பகிரங்கமாக மோதிக்கொள்ள, 2007 மே மாதம் இருவரையும் ஒரே நாளில் பொலிட்பீரோவிலிருந்து டெல்லி சஸ்பெண்ட் செய்தது. இருவரும் திரும்பினார்கள். 2009-ல் வி.எஸ். மட்டும் நீக்கப்பட்டார். 2016-ல் அவர் பிரச்சாரம் செய்தார், பினராயி முதல்வரானார். வி.எஸ்ஸுக்கு நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷன்.

லெனின் 1924-ல் மறைந்தபின் வாரிசுப் போட்டியில் தோற்ற ட்ராட்ஸ்கி, 1940-ல் மெக்ஸிகோவில் மண்டை பிளக்கப்பட்டு இறந்தார். மாவோ மறைந்து ஒரு மாதத்துக்குள் அவர் மனைவி சிறையில். கேரளத்தில் தோற்றவருக்குக் கமிஷன் தலைமையும் சிவப்புக் கொடி போர்த்திய விடையும் கிடைக்கின்றன. தேர்தல் என்ற ஒன்று இருப்பதால் வந்த நாகரிகம் இது. தோற்றவனைக் கட்சி ஒழித்துக்கட்ட நினைத்தாலும், வாக்காளன் அவனைக் காப்பாற்றி வைக்க முடிகிறது.

எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. வி.எஸ். வழியில் கேள்வி கேட்டுக் கட்சியைவிட்டு வெளியேறிய ஒஞ்சியம் டி.பி. சந்திரசேகரன் 2012 மே 4-ம் தேதி இரவு வெட்டிக் கொல்லப்பட்டார். தண்டனை பெற்றவர்களில் மார்க்சிஸ்ட் உள்ளூர்த் தலைவர்களும் உண்டு. நெய்யாற்றின்கரை இடைத்தேர்தல் நாளன்று வி.எஸ். அந்த வீட்டுக்குப் போய் கே.கே. ரமாவின் முன் நின்றார். அந்தச் சொல்லை எந்த மொழியில் எழுதினாலும் அன்று உருவகமாக எழுத முடியவில்லை.

2025 ஜூலை 21-ல் வி.எஸ். 101 வயதில் மறைந்தார். 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளிநடப்பு செய்த 32 பேரில் கடைசியாக மிஞ்சியிருந்தவர்கள் நம் சங்கரய்யாவும் அவரும். சங்கரய்யா 2023-லேயே போய்விட்டார். மறுநாள் பிற்பகல் கேசவதாசபுரம் சந்திப்பில் மழைக்கு நடுவே நானும் நின்றேன். 'கண்ணே, கரளே' என்று கூட்டம் கூவியது. கரள் என்றால் ஈரல். நமக்கு ஈரக்குலை நடுங்கும். மலையாளிக்கு அங்கேதான் அன்பு குடியிருக்கிறது. என் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணுக்கு மலப்புரம் மாநாட்டின்போது வயது ஒன்றோ இரண்டோ இருக்கும். அவளுக்குக் கோஷ்டி தெரியாது, அழுதுகொண்டிருந்தாள். அந்த வண்டி ஆலப்புழை சேர இருபது மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வலிய சுடுகாட்டில் சிதைக்கு அருகே பினராயி விஜயனும் இருந்தார்.

யார் ஜெயித்தார்கள்? செயலாளர் பதவியையும் நாற்காலியையும் கணக்கிட்டால் பதில் எளிது. நான் வேறொரு கணக்குப் பார்க்கிறேன். எழுபதுகளின் நடுவில் சுமார் ஒன்பது லட்சம் ஹெக்டேராக இருந்த கேரள நெல்வயல் இன்று இரண்டு லட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த மிச்சத்துக்கு வேலியாக 2008-ல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது வி.எஸ். ஆட்சியில். 2018-ல் வந்த திருத்தம், 2008-க்கு முன் மூடிய நிலத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த வழிவிட்டது. அது பினராயி ஆட்சியில். வாரிசு என்பது நாற்காலியைப் பற்றிய கேள்வி மட்டுமாக இருந்திருந்தால் நான் இத்தனை எழுதியிருக்க மாட்டேன்.

'வெட்டிநிரத்தல்' என்பதற்கு இன்னும் தமிழ் கிடைக்கவில்லை. அது முதலில் ஒரு வயலைக் காக்கப் பிறந்த சொல் என்று அடிக்குறிப்பு போட்டுவிட்டு, சொல்லை அப்படியே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.