பெயர் சொல்லி அழைத்தல்

பைத்தான் மொழியில் நிரலைப் பல மாட்யூல்களாகப் பகுத்து வெவ்வேறு கோப்புகளில் வைத்தல் வழக்கம். வேண்டுவதனை நிரலின் தலைப்பில் இம்போர்ட் என்றெழுதி வரவழைப்பர். ஆயின், எது வேண்டப்படும் என்பது நிரல் ஓடும்பொழுதுதான் தெரியுமெனின் என் செய்வது? அன்பர்காள், யாப்பினை ஆராயும் நிரல் ஒன்றினை எண்ணிப் பாருங்கள். வெண்பாவுக்கு ஒரு மாட்யூல். ஆசிரியப்பாவுக்கும் கலிப்பாவுக்கும் வஞ்சிப்பாவுக்கும் ஒவ்வொன்று. பயில்வோர் பாவின் பெயரைத் தட்டினால் அப்பெயருடைய மாட்யூல் வருதல் வேண்டும்.

இதற்கென இம்போர்ட்லிப் என்னும் நூலகத்தில் இம்போர்ட்_மாட்யூல் என்னும் ஃபங்க்ஷன் உளது. 2009இல் வெளிவந்த 3.1ஆம் பதிப்பில் இது சேர்க்கப்பட்டது. இருபுறமும் அடிக்கோடிட்டெழுதும் பழைய இம்போர்ட் ஃபங்க்ஷனோ, புள்ளியிட்டு அடுக்கிய பெயரைக் கொடுத்தால், இறுதியிலுள்ள மாட்யூலை விடுத்து முதலிலுள்ள தொகுதியையே தரும். பேரனை அழைக்கப் பாட்டனார் எழுந்து வந்தாற்போல.

வசதி பெரிதென்பதை யாம் மறுக்கவில்லை. ஜாங்கோ என்னும் வலைச்சட்டகம், அமைப்புக் கோப்பில் எழுதிய பெயர்களைக் கொண்டே தன் உறுப்புகளை ஏற்றுகின்றது. ஆனால் ஆங்குப் பெயரெழுதுவோர் நிரலை ஆக்கியோரே. அயலார் தட்டிய பெயரை ஆராயாது அப்படியே இம்போர்ட்_மாட்யூலிடம் ஒப்புவித்தல் தகாது என்பதே எம் கருத்து.

ஏனெனில், மாட்யூலை வரவழைத்தல் அலமாரியினின்று நூலெடுத்தல் போன்றதன்று. முதன்முறை வரும்பொழுதே அதன் மேல்மட்ட வரிகள் யாவும் செயற்படும். பைத்தானோடு உடன்வரும் மாட்யூல்களுள் திஸ் என்பது ஒன்று. வெண்பா என்று தட்டவேண்டிய இடத்தில் ஒருவர் இதனைத் தட்டின், டிம் பீட்டர்ஸ் எழுதிய நிரலாக்க நெறிமொழிகள் திரையில் நிரம்பும். ஆண்டிகிராவிட்டி எனத் தட்டினாலோ உலாவி திறந்து கேலிச்சித்திரம் ஒன்று தோன்றும்! இவை விளையாட்டு. கோப்புகளை அழிக்கும் வரிகள் உள்ள மாட்யூல் ஒன்று அக்கணினியில் இருப்பின், அதுவும் பெயர் கேட்ட மாத்திரத்தில் எழுந்து தன் வேலையைச் செய்யும்.

பிழை நேரின் பிடித்துக்கொள்வோம் என்பர் சிலர். திஸ் வருதல் பிழையன்றே. அம்மாட்யூல் உண்மையில் உளது. பிடிப்பதற்கு யாதுளது?

பாக்களின் பெயர்களையும் அவற்றிற்குரிய மாட்யூல்களையும் ஓர் அட்டவணையில் எழுதிவைத்து, அதில் இல்லாத பெயரை வாயிலிலேயே மறுத்தல் வேண்டும். நான்கே எனின் தலைப்பிலேயே நான்கினையும் இம்போர்ட் செய்துவிடலாமே எனின், அதுவே சாலவும் நன்று. அவற்றுள் ஒரு கோப்புக் காணாமற்போயிருப்பின் நிரல் தொடங்கும்பொழுதே வெளிப்பட்டுவிடும். வஞ்சிப்பாவைத் தேடி ஒருவர் வரும் அந்த அரிய நாள்வரை மறைந்திராது.