காப்பி அடிங்க, ஆனா கையால அடிங்க

ஒரு உண்மையை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். மூணாம் வருஷ மினி ப்ராஜெக்ட்டை எங்க டீம் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். ரிப்போர்ட்டோட சேர்த்து அட்டைப்பெட்டியில வந்து இறங்குச்சு. வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஸ்பிரிங்கை ஏன்பா இங்க வச்சீங்க?" நாலு பேரும் அந்த ஸ்பிரிங்கையே பார்த்துக்கிட்டு நின்னோம். மார்க் வந்துருச்சு. ஆனா அந்த அமைதி இன்னும் காதுல கேக்குது.

அதனாலதான் சொல்றேன்: ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா ஒரு பழங்கால மோட்டார் வண்டியோட ரெப்ளிகாவை நாமளே கட்ட நம்ம டிபார்ட்மென்ட் அனுமதிக்கணும். வெளிநாடுகள்ல இதை ரிட்டயர் ஆனவங்க வீட்டு ஷெட்ல ஒரு லேத்தையும் வெல்டிங் செட்டையும் வச்சுக்கிட்டுச் செய்றாங்க. நம்மகிட்ட ஒரு முழு வொர்க்‌ஷாப்பே இருக்கு.

எந்த வண்டி? என் ஓட்டு 1886-ல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்துல கார்ல் பென்ஸ் பேட்டன்ட் எடுத்த மோட்டார்வாகனுக்கு. மூணு சக்கரம், ஒரே சிலிண்டர். போர் 90 மி.மீ., ஸ்ட்ரோக் 150 மி.மீ.; கணக்குப் போட்டா 954 சி.சி. நம்ம 150 சி.சி. பைக்கைவிட ஆறு மடங்கு பெரிய இன்ஜின், ஆனா பவர் முக்கால் குதிரைசக்திதான்! நிமிஷத்துக்கு 400 சுத்து, மணிக்கு 16 கி.மீ. வேகம். இன்னைக்கு காரோட பானட்டைத் திறந்தா பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். இதுல கிராங்க், பெல்ட், செயின் எல்லாமே கண்ணுக்கு முன்னாடி சுத்தும்.

இந்த வண்டியில ஃப்ளைவீல் படுத்துக்கிட்டு இருக்கும். ஏன்? நிமிர்த்தி வச்சா கைரோஸ்கோப் விளைவால ஸ்டியரிங் திரும்பாதோன்னு பென்ஸ் பயந்தார். நாம டைனமிக்ஸ் பேப்பர்ல பரீட்சைக்காக மனப்பாடம் செஞ்ச அதே கைரோஸ்கோப்! போன லீவுல ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு, தம்பியைச் சுத்திவிடச் சொல்லி, சாய்ச்சுப் பார்த்தேன். நான் நினைச்ச பக்கம் போகாம கை வேற பக்கம் இழுத்துக்கிட்டுப் போச்சு. சூத்திரம் அன்னைக்குத்தான் புரிஞ்சுது. பென்ஸ் பயந்தது சரிதானான்னு ஒரு ரெப்ளிகா கட்டினா அளந்தே பார்க்கலாம்.

இன்னொரு பாடம், வண்டியை ஓட்டினாத்தான் கிடைக்கும். 1888 ஆகஸ்ட்ல பென்ஸின் மனைவி பெர்த்தா, ரெண்டு மகன்களைக் கூட்டிக்கிட்டு மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கி.மீ.க்கு மேல ஓட்டிட்டுப் போனார். அடைச்சுக்கிட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால குத்திச் சரிசெஞ்சார். தேஞ்சுபோன பிரேக் கட்டைக்கு வழியில ஒரு செருப்புத் தைக்கிறவர்கிட்ட தோல் வச்சு வாங்கினார். மேட்டுல பசங்க இறங்கித் தள்ளினாங்க. அந்தப் பயணத்துக்கு அப்புறம்தான் மேடு ஏற ஒரு தனி கியர் வந்துச்சு.

டிசைன்ல கோட்டை விடுறது நமக்கு மட்டும் நடக்கிறது இல்ல. 1896-ல் டெட்ராய்ட்ல வீட்டுக்குப் பின்னாடி இருந்த ஷெட்ல ஹென்றி ஃபோர்டு தன் முதல் வண்டி குவாட்ரிசைக்கிளைக் கட்டி முடிச்சார். வெளிய எடுக்கப் போனா கதவைவிட வண்டி அகலம்! கோடாலியால செங்கல் சுவரை உடைச்சுத்தான் எடுத்தார்.

"இது வெறும் காப்பிதானே மச்சி, இன்னோவேஷன் எங்க?"ன்னு கேப்பீங்க. நம்ம கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு எங்க ஆரம்பிச்சார்? ஒரு வெள்ளைக்கார அதிகாரிகிட்ட பழைய ரட்ஜ் மோட்டார்சைக்கிளை வாங்கி, அக்கு அக்கா கழட்டி, திரும்ப மாட்டினதுல. கண்டுபிடிப்பெல்லாம் அதுக்கு அப்புறம்தான். இன்னொருத்தர் ஏன் அப்படிச் செஞ்சார்னு கையால புரிஞ்சுக்கிட்டவன்தான் வேற மாதிரி செய்ய முடியும்.

ஆனா ஒரு கண்டிஷன். கல்யாண ஊர்வலத்துக்கு ஜீப் சேஸி மேல தகடு அடிச்சு 'வின்டேஜ் கார்'னு விடுறாங்களே, அது இல்ல நான் சொல்றது. பென்ஸ் செஞ்ச வேலையை நம்ம வண்டியும் அதே முறையில செய்யணும். எங்கயாவது மாத்தினா, உதாரணமா பாதுகாப்புக்காக இப்போதைய கார்புரேட்டர் போட்டா, அதை ரிப்போர்ட்ல வெளிப்படையா எழுதணும். வண்டியில 'ரெப்ளிகா'ன்னு தகடு அடிக்கணும். இல்லாட்டி அதுவும் நாங்க வாங்கின ப்ராஜெக்ட் மாதிரி ஒரு பொய்தான்.

செலவு? ஒரே பேட்ச் முழுசா செய்யத் தேவையில்ல. முதல் வருஷ டீம் ஃபிரேமும் சக்கரமும், அடுத்த டீம் மரத்துல பேட்டர்ன் செஞ்சு சிலிண்டர் காஸ்டிங், அதுக்கடுத்த டீம் டிஃபரன்ஷியலும் செயினும்னு பிரிச்சுக்கலாம். பதிவு இல்லாம ரோட்டுல ஓட்ட முடியாதுதான். காலேஜ் கிரவுண்டு போதும்.

எங்க பேட்ச் இதை ஓட்டிப் பார்க்காமலே வெளிய போயிடும். பரவாயில்ல. என்னைக்காவது ஒரு ஜூனியர்கிட்ட எக்ஸ்டர்னல் வந்து "இதை ஏன்பா இங்க வச்சீங்க?"ன்னு கேக்கட்டும். அவன் நிறுத்தாம அரை மணி நேரம் பேசுவான்.