பேரோலில் யார் பெயர்?

பேரோல் என்றதும் ஜெயிலிலிருந்து வெளியே விடுவதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அது பரோல். இது பேரோல், அதாவது சம்பளப் பட்டியல்.

பி.காம். படிப்பவர்களைக் கேட்டால் உடனே சொல்வோம். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, ஓவர்டைம் எல்லாவற்றையும் கூட்டு. பி.எஃப்., இ.எஸ்.ஐ., வருமான வரி கழி. மீதி கையில். நானும் இப்படி எழுதித்தான் மார்க் வாங்கினேன். ஆனால் அந்தப் பட்டியலில் தொகைக்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது: பெயர். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஒரே கேட், ஒரே ஷிப்டு. ஆனால் ஒருவர் கம்பெனி ஆள், இன்னொருவர் காண்ட்ராக்ட் ஆள். காண்ட்ராக்ட் ஆளின் பெயர் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருக்காது. காண்ட்ராக்டர் தரும் பில்லில் அவர் ஒரு தலைக்கணக்கு. லாப நட்டக் கணக்கிலும் பெரும்பாலும் அவர் கூலி 'ஊழியர் செலவு' என்ற தலைப்பில் வராது, 'இதர செலவு' என்று போய்விடும். மின்சார பில்லும் ஆளும் ஒன்றா?

"சம்பளம் வந்தால் சரி, யார் பட்டியலாக இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அன்றே இறந்த 6 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2021 மே 13 அன்று குடிகாட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலை விபத்தில் 4 பேர் இறந்தார்கள். இப்படி ஒரு நாளில்தான் பட்டியலின் அருமை தெரியும். இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி வேலையில் இறந்தால் அவருடைய சராசரிக் கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்கு உதவித்தொகையாக உண்டு. பெயரே பதிவாகவில்லை என்றால், அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதை நிரூபிக்கவே குடும்பம் அலைய வேண்டும்.

காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே தர வேண்டும் என்று 1970ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. அதனால் "அது காண்ட்ராக்டர் விஷயம்" என்று கம்பெனிகள் கை கழுவ முடியாது.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. காண்ட்ராக்டர் பில்லை பாஸ் செய்யும் முன் கணக்குப் பிரிவு மூன்றைப் பார்க்கட்டும்: கேட்டில் பதிவான வருகை, கூலிப் பட்டியல், பி.எஃப். - இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதில் உள்ள பெயர்கள். மூன்றும் ஒத்துப் போகாவிட்டால் பில்லை நிறுத்தட்டும். கூலியில் 12 சதவீதம் பி.எஃப். பிடித்தார்களே, அது கட்டப்பட்டதா என்று அப்போதே தெரிந்துவிடும். மூட்டைக்கு மூட்டை சரக்கை எண்ணத் தெரிந்த கம்பெனிக்கு ஆளை எண்ணத் தெரியாதா என்ன?

காமர்ஸ் படிக்கும் நண்பர்களே, நாளை அந்த பில்லில் கையெழுத்துப் போடப் போவது நாம்தான். தொகையைச் சரிபார்க்கும் முன் பெயரைச் சரிபாருங்கள்.