பஞ்சம் விமானிகளுக்கா, ஊதியத்துக்கா?

2009 பெப்ரவரி 12 ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகே கொல்கன் எயார் நிறுவனத்தின் சிறிய விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். உறவுகளைப் பறிகொடுத்தோர் விடாது போராடியதன் பயனாக 2010 இல் சட்டம் பிறந்தது. முன்னர் 250 மணித்தியாலப் பறப்பு அனுபவத்துடன் துணை விமானியாகலாம்; 2013 முதல் பொதுவாக 1500 மணித்தியாலம் தேவை என்றாயிற்று. இராணுவத்தில் பயின்றோருக்கு 750 போதும்.

விமானிகள் கிடைக்காமைக்கு இவ்விதியே காரணம் என்கின்றன பிராந்திய விமான நிறுவனங்கள். விமானிப் பற்றாக்குறையைக் காட்டி கிரேட் லேக்ஸ் நிறுவனம் 2018 இல் சேவையை நிறுத்தியது. ரிபப்ளிக் நிறுவனம் கேட்ட விதிவிலக்கை 2022 இல் அரசு மறுத்தது.

வீழ்ந்த விமானத்தின் விமானிகள் இருவரும் 1500 மணித்தியாலத்துக்கு மேல் பறந்தவர்களே என்ற வாதம் உண்மைதான். ஆனால் சொற்பச் சம்பளம் பெற்ற துணை விமானி, முதல்நாள் இரவு முழுவதும் நாட்டின் மறுகரையிலிருந்து பயணம் செய்தே பணிக்கு வந்திருந்தார். களைப்பை விசாரணை அறிக்கையும் சுட்டியது.

2022 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸின் துணை நிறுவனங்கள் புதிய விமானிகளுக்கு மணித்தியாலத்துக்கு 90 டொலர் வரை வழங்க முன்வந்தன. இது முன்னரே இயலாததா? பற்றாக்குறையைத் தீர்க்க முதலில் திறக்கவேண்டியது பணப்பெட்டியை. பாதுகாப்பு விதியின் பூட்டையல்ல.