அந்நியருக்கும் நியாய விலை

ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமுக்குச் செல்லும் யாத்திரிகர் அந்நகரத்துள் சுற்றிவர அஞ்ச வேண்டுவதில்லை. 1950-ஆம் ஆண்டில் தொடங்கிய சுரங்க ரயில், பஸ், டிராம் ஆகிய யாவற்றுக்கும் ஒரே டிக்கெட் போதும். 75 நிமிஷத்துக்குள் எத்தனை முறையும் மாறி ஏறலாம். ஊராருக்கும் அந்நியருக்கும் கட்டணம் ஒன்றே.

வாடகைக் காரின் கதை வேறு. 1990-இல் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியது முதல் அவரவர் வைத்ததே விலை. ஆயினும் மீட்டர்க் காரில், 10 கிலோமீட்டர் தூரமும் 15 நிமிஷமும் கொண்ட பயணத்துக்குரிய தொகையை மஞ்சள் சீட்டில் அச்சிட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் படித்த பின் ஏறுவதே விவேகம்.

சீட்டு நல்ல ஏற்பாடே. ஆனால் அதன் பொருள் அறியாது, களைத்து வந்திறங்கும் அந்நியரை அது எவ்வளவு காக்கும்? விலையை அறிவிப்பது நேர்மையில் பாதி. அறியாதவரிடமும் நியாய விலையே பெறுவது மறுபாதி என்பது நம் கருத்து. நம் சங்க விற்பனைச் சாலைகளும் இதை மறவாதிருக்கட்டும்.