மாடு மேய்ப்பது இழிவென்று கற்பித்தது யார்?



"படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்!"

தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளிலும் தமிழர் இல்லங்களிலும் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வரும் வசைமொழி இது. வாய்ப்பாட்டை மறந்த பிள்ளைக்கும் இதே தீர்ப்புதான். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்கும் இதே தீர்ப்புதான். சொல்பவர் மறந்துவிடுவார். கேட்ட பிள்ளை மறப்பதில்லை. இந்த வசையைக் கேட்டே வளர்ந்த நம் சமுதாயம், தோட்டப்புறங்களில் எஞ்சியுள்ள மாட்டுப்பட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக விற்றுக்கொண்டிருக்கிறது. அதற்காக வருந்துவோரைக் காணோம். ஆகவே சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியுள்ளது. ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் பொறுத்தருள வேண்டும்.

பேரா மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு தோட்டம். அங்கே 40 ஆண்டுகளுக்கும் மேலாக மாடு வளர்த்துவந்த பெரியவர் ஒருவர் அண்மையில் தம் பட்டி முழுவதையும் விற்றுவிட்டார். மொத்தம் 62 உருப்படிகள். கறவைப் பசு, சினைப்பசு, கிடாரி, கன்று, பொலிகாளை என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. செம்பனை மறுநடவு செய்யப்போவதால் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று நிலவுடைமை நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. தவணை மூன்றே மாதம். பெரியவரின் பிள்ளைகள் மூவரும் நகரத்தில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் எவருக்கும் பட்டி வேண்டியிருக்கவில்லை. வியாபாரி லாரியோடு வந்தார். எடை பார்த்தார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு மாடுகளை ஏற்றிச் சென்றார்.

"நல்ல விலைக்குத்தான் போயிற்று. இனியாவது ஓய்வெடுக்கட்டும்" என்று ஊரார் ஆறுதல் கூறினர்.

பெரியவர்மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. எழுபதைக் கடந்த உடம்பு. காலை நான்கு மணிக்கு எழுந்து பால் கறக்க வேண்டும். மேய்ச்சலுக்கு இடமில்லை, உதவிக்கு ஆளில்லை. அந்நிலையில் எவரும் விற்கத்தான் செய்வார். 'பாரம்பரியத்தைக் கைவிட்டுவிட்டார்' என்று அவரைப் பழிப்பது நியாயமாகாது. வினவ வேண்டியது வேறு. அவர் விற்றது எதை? அதை விற்கும் நிலைக்கு அவரைத் தள்ளியது யார்?

முதல் வினாவுக்கு விடை, அவர் வீட்டிலுள்ள சில பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களில் இருக்கிறது. ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர், பிறந்த நாள், தாய், தாயின் தாய், பொலிகாளை, எத்தனையாவது ஈற்று, நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், எந்த மாதம் வற்றியது, குணம் சாதுவா முரடா என அத்தனையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய தந்தையார் காலத்துப் பசு ஒன்றிலிருந்து தொடங்கும் தாய்வழி அது. எந்தப் பொலிகாளையையும் அவர் மூன்றாண்டுக்கு மேல் பட்டியில் வைத்ததில்லை. அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன்பே பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொள்வார். நெருங்கிய இரத்த உறவில் இனச்சேர்க்கை நிகழ்ந்தால் கன்றுகள் நோஞ்சானாகும், சினை தங்காது என்பதை அவர் எந்தக் கல்லூரியிலும் பயிலவில்லை. ஆயினும் கல்லூரியில் கற்பிக்கப்படுவதும் இதுவேதான். மரபியல் என்று பெயரிட்டு அதற்குப் பட்டமும் தருகிறார்கள்.

மாடுகளை வாங்கிய வியாபாரி அந்தப் புத்தகங்களைக் கேட்கவில்லை. எடைக்கு வாங்குகிறவருக்குக் கால்வழி எதற்கு? நாற்பதாண்டுத் தேர்வும் கழிப்பும் ஒரே பிற்பகலில் வெறும் இறைச்சி எடையாகிவிட்டன. தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு தாய்வழி அறுந்தால் அதை மீண்டும் உருவாக்க இன்னொரு நாற்பதாண்டு வேண்டும். அதற்குள் அந்த அறிவுள்ளவர்கள் இருக்க மாட்டார்கள்.

இம்மாடுகளின் வரலாற்றையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். இந்தியாவிலிருந்து கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவை அவற்றின் முன்னோர். வண்டியிழுக்கவும் பால் தரவும் அவை நம் முன்னோருடன் சேர்ந்தே உழைத்தன. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வணிகத்தால் செழித்த இடம். எருமையின் பெயரால் அமைந்த பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் இன்றும் அதற்குச் சான்று. மலேசியத் தோட்டங்களில் பெருகிய திமிலுள்ள இம்மாட்டினத்தைக் கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியக் கறவையினம்' என்று வகைப்படுத்தியுள்ளனர். 'இந்திய' என்ற சொல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இந்நாட்டில் நம் அடையாளத்தைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஓர் உயிரினத்தை நாம் ஒரு பொருட்டாகவே கருதவில்லை.

"அந்த மாடு அப்படியென்ன பால் கறந்துவிடும்? வெள்ளைக்காரன் நாட்டு மாட்டைப் பாருங்கள்" என்பார்கள் சிலர். ஃபிரிஷியன் பசு நிறையக் கறக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குளிர்நாட்டில் உருவான அந்த இனம் நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் திணறும். உண்ணித் தொல்லையைத் தாங்குவதும் அதற்குக் கடினம். திமிலும் தொங்கும் அலைதாடியும் கொண்ட நம் இன மாடுகளோ இந்த வெயிலில் நின்று மேயும். அரசாங்கமே இதை உணர்ந்துதான், பஞ்சாப் பகுதியில் தோன்றிய சாஹிவால் இனத்தையும் ஃபிரிஷியனையும் கலந்து 'மாஃப்ரிவால்' என்ற கலப்பினத்தை உருவாக்கியது. வெப்பம் தாங்கும் குருதி இல்லாமல் இங்கே பால்பண்ணை இல்லை. அந்தக் குருதி தோட்டத்துப் பட்டிகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

பிரேசில் நாட்டைப் பாருங்கள். ஆந்திரத்தின் ஓங்கோல் மாடுகளை அந்நாட்டார் வாங்கிச் சென்றார்கள். 1960களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து கடைசிப் பெரும் இறக்குமதி நடந்தது. நெல்லூரின் பெயரால் 'நெலோரே' என்று பெயரிட்டு, உபெராபா நகரிலுள்ள வளர்ப்போர் சங்கத்தின் வழி கால்வழிப் பதிவேடு பேணினார்கள். எந்தக் கன்று எந்தத் தாய்க்கு, எந்தக் காளைக்குப் பிறந்தது என்பதை விடாமல் எழுதினார்கள். பலன்? 2023இல் வியாட்டினா-19 என்ற நெலோரே பசுவின் மூன்றிலொரு பங்கு ஏலத்தில் விலைபோனபோது, முழுப்பசுவின் மதிப்பு 40 இலட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. உலகின் மிக விலையுயர்ந்த பசு என்று கின்னஸ் ஏட்டிலும் அது இடம்பெற்றது. நம் பெரியவர் நோட்டுப் புத்தகத்தில் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். அங்கே ஒரு சங்கம் இருந்தது, சட்டம் இருந்தது, சந்தை இருந்தது. இங்கே ஒரு பெரியவர் மட்டும் இருந்தார்.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம்.

நிறுவனங்கள் சொல்லும் காரணம், மாடுகள் இளங்கன்றுகளைக் கடித்துவிடும் என்பது. உண்மைதான். புதிதாக நட்ட செம்பனைக்கு அருகே மாடு விடக்கூடாது. ஆனால் வளர்ந்த செம்பனைக்கு அடியில் முறையாக மாடு மேய்த்தால் களையெடுக்கும் செலவு குறையும் என்பது இந்நாட்டின் செம்பனை ஆய்வாளர்களே கண்டறிந்து பரிந்துரைத்த செய்தி. செம்பனையின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டு. பெரிய தோட்டங்களில் எல்லாப் பகுதியையும் ஒரே ஆண்டில் மறுநடவு செய்வதும் இல்லை. பட்டியை ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு மாற்ற இடம் தருவது இயலாத காரியமன்று. மூன்று மாதத் தவணைக் கடிதம் எழுதுவது அதைவிட எளிது, அவ்வளவுதான்.

அரசாங்கத்திடம் பணமில்லை என்றும் கூறமுடியாது. நெகிரி செம்பிலான், கெமாசில் தொடங்கப்பட்ட தேசிய மாட்டுப்பண்ணைத் திட்டத்துக்கு 25 கோடி ரிங்கிட் குறைந்த வட்டிக் கடன் ஒதுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, அவ்வாண்டுக்குரிய மாடுகளின் இலக்கில் பாதியைக்கூட அத்திட்டம் எட்டவில்லை என்று சுட்டியது. பட்டியில் பிறந்து பட்டியிலேயே வளர்ந்தவர்களுக்கு 20 ஏக்கர் மேய்ச்சல் நிலம் கேட்டால் மட்டும் 'விதிமுறையில் இடமில்லை' என்ற பதில் வருகிறது. நாம் அருந்தும் பாலுணவில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பால்மாவிலிருந்து வருகிறது என்பதை மறந்துவிட்டுப் பேசும் விதிமுறை அது!

ஆனால் நிறுவனத்தையும் அரசாங்கத்தையும் மட்டும் சாடிவிட்டு நாம் தப்பிக்கொள்ள முடியாது. அந்தப் பெரியவருக்கு நிலம் கிடைத்திருந்தாலும் பட்டியை ஏற்க அடுத்த தலைமுறை ஆயத்தமாக இல்லை. அந்தத் தலைமுறையை உருவாக்கியவர்கள் நாம்தாம்.

பழந்தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள். அச்சொல்லை வசையாக மாற்றினோம். மாட்டுப் பொங்கலன்று பள்ளித் திடலில் எங்கிருந்தாவது ஒரு மாட்டை ஓட்டிவந்து பொட்டிட்டு, மாலையிட்டு, படமும் எடுத்துக்கொள்கிறோம். அதை ஓட்டிவந்தவரின் பிள்ளை அதே வகுப்பில் 'பால்காரன் மகன்' என்று கேலிக்குள்ளாவதைக் கண்டும் காணாமல் இருக்கிறோம். 'பசு' என்ற தலைப்பில் 'பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு' என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். ஆண்டுதோறும் அதே நான்கு கால்கள்! தலையீற்று என்றால் என்ன, சீம்பாலைக் கன்றுக்கு ஏன் முதலில் புகட்ட வேண்டும், கிடாரி என்பது எது என்று நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இச்சொற்கள் பட்டியோடு சேர்ந்து மறைகின்றன. மொழியைக் காக்கிறோம் என்று மேடையில் முழங்குபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"அப்படியானால் உங்கள் பிள்ளையை மாடு மேய்க்க அனுப்புவீரா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டிக்குப் போ என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லவில்லை. தோட்ட வாழ்வின் வறுமையைப் போற்றிப் பாடவும் இல்லை. மழையில் நனைந்து, கொசுக்கடியில் பால் கறந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களின் துன்பம் துன்பம்தான். நான் கேட்பது, படிப்பையும் பட்டியையும் ஏன் எதிரெதிராக நிறுத்துகிறோம் என்பதே. புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்திலும் கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் கால்நடை மருத்துவம் கற்பிக்கிறார்கள். கன்று ஈனும் பசுவின் அருகில் நள்ளிரவில் தந்தையோடு விழித்திருந்த பிள்ளைக்கு அப்படிப்பில் எத்துணை முன்தகுதி இருக்கிறது! அப்பிள்ளையிடம்தான் 'மாடு மேய்க்கத்தான் போவாய்' என்று சொல்லித் தலைகுனிய வைக்கிறோம்.

சமுதாயம் ஒன்றுபட்டால் நிலமும் எட்டாக்கனியன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அன்று எழுத்தறியாதவர்கள் தோட்டத்தை வாங்கினார்கள். இன்று பட்டதாரிகள் நிறைந்த நம்மால் மாவட்டத்துக்கு ஒரு மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க முடியாதா? வாடகைக் கட்டணம் செலுத்திப் பத்துப் பட்டிக்காரர்கள் அதைப் பகிர்ந்துகொள்ள முடியாதா?

அதுவரை, ஆசிரியர்களும் பெற்றோரும் இன்றே செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, அந்த வசைமொழியை வகுப்பிலும் வீட்டிலும் அடியோடு நிறுத்துவோம். சக ஆசிரியர் சொன்னாலும் கண்டிப்போம்.

இரண்டாவது, இந்நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல இன்னும் தோட்டப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. பள்ளிக்கு அருகில் எஞ்சியுள்ள பட்டிக்காரர்களிடம் மாணவர்களை அழைத்துச் சென்று, மாடுகளின் பெயர், கால்வழி, அவர்கள் வழங்கும் சொற்கள் ஆகியவற்றை எழுதச் செய்வோம். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. 'தேர்வுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும், நேரமில்லை' என்று இனி ஆறாம் ஆண்டு ஆசிரியரும் சொல்ல முடியாது.

மூன்றாவது, ஒரு பட்டி விற்பனைக்கு வருகிறது என்று தெரிந்தால், வியாபாரியின் லாரி வருமுன் பிற பட்டிக்காரர்களுக்குச் சொல்லுவோம். அறுபதில் பத்துக் கிடாரிகளும் ஒரு பொலிகாளையும் வேறொரு வளர்ப்பவரிடம் போய்ச் சேர்ந்தால்கூட அந்தத் தாய்வழி பிழைத்துக்கொள்ளும். அவற்றோடு நோட்டுப் புத்தகத்தின் படியும் போகட்டும்.

பேராவில் மட்டுமன்று, கெடாவிலும் சிலாங்கூரிலும் ஜொகூரிலும் இதே வயதில், இதே கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பட்டிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் பள்ளி வட்டாரத்தில் எவரேனும் இருந்தால் அடுத்த பள்ளி விடுமுறைக்குள் ஒருமுறை சென்று பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியன்